தாயத்து இருந்த இடம்

அரக்கு உருகும் வாசனை மூக்கோடு நிற்பதில்லை. தொண்டை வரை இறங்கி அங்கே உட்கார்ந்துகொள்ளும். போன வாரம் திண்டுக்கல்லில் ஒரு நகைப் பட்டறையில் தோட்டின் திருகாணியை மாற்றக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். பட்டறைக்காரர் வேறு யாருடைய வளையலையோ பதிப்பதற்காக அரக்குக் கட்டியைத் தீயில் காட்டினார். புகை என் பக்கம் திரும்பியது. தெருவின் ஹாரன் சத்தமும் எதிர்க்கடையில் வடை பொரியும் சத்தமும் எங்கோ விலகிப்போயின. கோர்ட்டின் பின்பக்க அறையில், ஒரு நீள மேசையின் ஓரத்தில் நான் மறுபடி நின்றுகொண்டிருந்தேன். மேசைமேல் வெள்ளைத் தாள். தாளின் மேல் என் சித்தப்பாவின் அரைஞாண் கயிறு.

"ஏம்மா, மயக்கமா வருதா? தண்ணி குடிக்கிறீகளா?" என்றார் பட்டறைக்காரர்.

"இல்லண்ணே. வாசம்தான்."

"பழகாதவுகளுக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார். பழகியதுதான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

சித்தப்பாவைக் கொன்றது அவருடைய மகன் என்று தீர்ப்பாகியிருந்தது. எனக்கு அவன் தம்பி முறை. ஆயுள் தண்டனை, மதுரை ஜெயில். சித்தி வெகு காலம் முன்பே நோயில் போய்விட்டாள். அந்த வீட்டில் வெளியே மிச்சம் இருப்பது மகள் ஒருத்திதான், என் தங்கச்சி. அப்பாவைப் பறிகொடுத்தவள் அவள். அண்ணனுக்கு எதிராகக் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னவளும் அவளே. அதற்குப் பிறகு எங்கள் சொந்தபந்தம் இரண்டாகப் பிளந்தது. அவன்தான் செய்தான் என்று ஒரு பாதி, அவன் செய்திருக்க மாட்டான், தங்கச்சிதான் கெடுத்தாள் என்று இன்னொரு பாதி. கல்யாண வீடுகளில் இந்த இரண்டு பாதியும் வேறு வேறு பந்தியில் உட்கார்ந்தன. எனக்கு எந்தப் பந்தி என்று கடைசி வரை விளங்கவில்லை. எங்கே உட்கார்ந்தாலும் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவேன்.

நடந்தது இதுதான். ரெட்டியார்சத்திரத்திலிருந்து கன்னிவாடி போகும் வழியில், ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி எங்கள் தோட்டங்கள் இருக்கின்றன. வாழை, தென்னை, இடையில் வெண்டையோ செண்டுமல்லியோ. ஒரு விடியலில் சித்தப்பா மோட்டார் ரூமுக்குள் கிடந்தார். கழுத்தும் தோளும் சேருமிடத்தில் வெட்டு. முதலில் பார்த்தது தம்பி. அவன் போட்ட கூச்சலில்தான் ஆட்கள் கூடினார்கள். போலீஸ் வந்தபோது உடம்பின் பக்கத்தில், ரத்தத்துக்குள், அவனுடைய அரிவாள் கிடந்தது. வாழைத்தார் அறுக்கிற சின்ன அரிவாள். முந்தின நாள்தான் நிலத்தை விற்பது பற்றி அப்பனுக்கும் மகனுக்கும் தெருவே கேட்கும்படி சண்டை நடந்திருந்தது. போலீசுக்கு வேறென்ன வேண்டும்?

கூடவே ஒரு சின்னப் பொருள் கிடைத்தது, அறுபட்ட அரைஞாண் கயிறு. வெட்டு விழுந்த இழுபறியில் கயிறும் சேர்ந்து அறுந்திருக்கிறது, அறுத்தது இந்த அரிவாள்தான், ஆகவே வெட்டியதும் இதுதான் என்று வழக்கை ஜோடித்தார்கள். அரிவாளையும் ஆளையும் சேர்த்துக் கட்டியது ஒரு இடுப்புக் கயிறு. நான் அந்த நாட்களில் கோயம்புத்தூரில் வேலையில் இருந்தேன். பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது சித்தப்பா பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தார். மோட்டார் ரூம் வாசலில் கயிறு கட்டியிருந்தார்கள். மற்றவர்கள் சொன்னதுதான் எனக்குத் தெரிந்தது. தீர்ப்பில் இருந்ததைப் படித்தபோது அப்படித்தான் நடந்திருக்கும் என்று நானும் மனசுக்குள் ஒரு படம் வரைந்துகொண்டேன். ஒருமுறை வரைந்த படத்தை அழிப்பது லேசான காரியமில்லை.

அப்பீலுக்கு வந்த புது வக்கீல் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். வழக்குப் பொருள்களை வெளியாள் ஒருவர் இன்னொரு தடவை பார்க்கட்டும் என்று மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் கேட்டார். அனுமதி கிடைத்தது. திண்டுக்கல் கோர்ட்டிலேயே வைத்துப் பிரிக்க வேண்டும், இரண்டு தரப்பு வக்கீலும் இருக்க வேண்டும், பொருள்களை அடையாளம் சொல்லக் குடும்பத்திலிருந்து ஒருவர் வர வேண்டும். ஒரு பந்தி, "அது முடிஞ்சு போன கத" என்றது. இன்னொரு பந்தி, "நீயே போ, ஒனக்குத்தான் பேச வரும்" என்றது. போனேன்.

தலைமை எழுத்தர் இரும்புப் பெட்டியைத் தரையில் தேய்த்து இழுத்து வந்தார். மூடியைத் திறந்ததும் அந்துருண்டை நெடியும் எலிப் புழுக்கை நெடியும் வந்தன. காடாத்துணிப் பொட்டலங்கள், தைத்து, முடிச்சின் மேல் அரக்கு முத்திரை வைத்து. ஒரு பொட்டலத்தின் மூலை கடிபட்டிருந்தது.

"எலி சார்" என்றார் எழுத்தர், யாரும் கேட்பதற்கு முன்பே. "நாங்களும் மருந்து வச்சுத்தான் பாக்குறோம். அது வேட்டியத் திங்குது, மருந்தத் திங்க மாட்டேங்குது."

அரசு வக்கீல் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகுதான் அது சித்தப்பாவின் வேட்டி என்று உறைத்தது.

பார்க்க வந்திருந்தவர் தடய அறிவியல் துறையில் இருந்து ஓய்வு பெற்ற அம்மா. பருத்திப் புடவை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, கையுறை. பேச்சு குறைவு. அரக்கை உடைத்தபோது வாசனை எதுவும் வரவில்லை, ஓட்டாஞ்சில்லு உடைவதுபோல ஒரு சத்தம் மட்டும். வேட்டியை விரித்தார். கறை பழுப்பாகிப் பழுப்பாகி, மண் கறையா ரத்தக் கறையா என்று சொல்ல முடியாத நிறத்துக்கு வந்திருந்தது. நான் எழுதுகிறவள், ரத்தத்தைப் பற்றியும் ஏதேதோ எழுதியிருக்கிறேன். சிவப்பு என்ற சொல் இல்லாமல் எழுதியதில்லை. அந்த வேட்டியில் சிவப்பு எங்குமே இல்லை.

"இது யாருடையது?" என்று அரிவாளைக் காட்டிக் கேட்டார்கள்.

"தம்பியோடது. பிடியில சைக்கிள் ட்யூப் சுத்தியிருக்கான்ல, அவன்தான் அப்படிச் சுத்துவான்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவனுக்காகப் போனவள் அவனுக்கு எதிராகப் பேசிவிட்டேனோ என்று. வக்கீல் கண்ணாலேயே, பரவாயில்லை என்றார்.

கடைசியாகக் கயிறு. சிவப்பு அரைஞாண், வெளுத்து, கறை ஏறி, கறுத்து, சுருண்டு ஒரு புழுவைப் போல இருந்தது. சித்தப்பா சட்டை போடாத மனிதர். தோட்டத்தில் நின்று யோசிக்கும்போது இடுப்புக் கயிற்றைக் கட்டைவிரலால் இழுத்து இழுத்து விடுவார். அதில் கோத்திருந்த வெள்ளித் தாயத்தை நகத்தால் சுண்டுவார். டிக், டிக், டிக். தண்ணி எந்தப் பாத்திக்குத் திருப்புவது, எந்த வியாபாரிக்குக் காய் போடுவது என்ற தீர்மானமெல்லாம் அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் வாயில் வரும். சின்ன வயதில் நாங்கள் அதைக் கேட்டுவிட்டு, "சித்தப்பாவுக்கு மண்டைக்குள்ள கடிகாரம் ஓடுது" என்று சிரிப்போம்.

அந்த அம்மா விளக்கைச் சாய்த்து வைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியில் வெகு நேரம் பார்த்தார். பின்பு இரண்டு வக்கீல்களையும் பக்கத்தில் அழைத்தார். எனக்கும் இடம் விட்டார்கள்.

"கயிறு முழுக்க ரத்தம் ஊறிக் காய்ந்திருக்கிறது. ஆனால் அறுபட்ட இரண்டு முனையிலும் உள்நூலைப் பாருங்கள், கறை ஏறவில்லை. ஈரமாக இருக்கும்போது அறுந்திருந்தால் விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல முனை இழுத்திருக்கும். இது காய்ந்த பிறகு அறுத்தது."

"காய்ந்த பிறகுன்னா?" என்றார் அரசு வக்கீல்.

"வெட்டு விழுந்த நேரத்தில் இல்லை. நிறைய நேரம் கழித்து."

"ஆஸ்பத்திரியில அறுத்திருக்கலாமே."

"கயிற்றைச் சம்பவ இடத்திலேயே எடுத்ததாக உங்கள் ஆட்கள்தானே எழுதியிருக்கிறார்கள்?" என்றார் அந்த அம்மா. குரலில் கேலி இல்லை. அரசு வக்கீல் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார்.

அதன் பிறகுதான் அவர் கயிற்றின் இன்னொரு இடத்தை இடுக்கியால் தொட்டார். அங்கே ஒரு விரல் அகலத்துக்குக் கறையே இல்லை. பழைய சிவப்பு, மங்கிய சிவப்பு, துவைத்துத் துவைத்து வெளுத்த சிவப்பு மட்டும். இரண்டு பக்கமும் கறுப்பு கோடு கிழித்ததுபோல நின்றிருந்தது.

"ரத்தம் வடிந்தபோது இந்த இடத்தை ஏதோ ஒன்று மூடியிருந்திருக்கிறது. பிறகு யாரோ அதைக் கழற்றியிருக்கிறார்கள். என்ன இருந்தது இங்கே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"தாயத்து" என்றேன். சொல்லும்போதே எனக்கு, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்காளான அத்தையின் கை தெரிந்தது. என் அப்பா செத்தபோது பார்த்த கை.

எங்கள் வகையறாவில் ஆம்பிளை செத்தால் அரைஞாணை அறுக்கிறது கூடப்பிறந்தவளின் வேலை. கட்டு எதுவும் இல்லாமல் போக வேண்டும் என்பது கணக்கு. கயிற்றை அறுத்து அங்கேயே போட்டுவிட்டு, அதில் இருக்கும் தாயத்தை உருவி மகள் கையில் கொடுத்துவிடுவாள். என் அப்பாவுடையது இன்றும் என் பீரோவில் இருக்கிறது. பெண்கள் சுற்றி நின்று மறைத்துக்கொள்ள, கணநேரத்தில் முடிந்துவிடும். அந்த நேரத்தில் யாரும் உற்றுப் பார்ப்பதுமில்லை, பிறகு அதைப் பற்றிப் பேசுவதுமில்லை. வெட்டிவிட்டு ஓடுகிறவன் நின்று தாயத்தை உருவ மாட்டான். திருடுகிறவன் சித்தப்பாவின் விரலில் கிடந்த மோதிரத்தை விட்டுவிட்டுப் போக மாட்டான். இந்தக் கயிற்றை அறுத்தது அத்தைதான் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். போலீஸ் வருவதற்கு முன்னால். எதை வைத்து அறுத்தாள்?

வெளியே வராண்டாவில் வக்கீல் என்னை நிறுத்தினார்.

"ஏனுங்க, நீங்க உள்ள சொன்னது மெய்தானுங்களா? உங்க அத்தைதான் அறுத்தாங்கன்னு?"

"வேற யாரும் அறுக்க மாட்டாங்க சார்."

"அந்தம்மாவக் கூப்பிட்டுக் கேக்கலாமுங்களா?"

"அத்தை செத்துப்போச்சு. கேசு நடந்துட்டு இருக்கும்போதே."

அவர் தூணில் சாய்ந்துகொண்டார். "அப்ப நீங்க சொல்றது உங்க வழக்கம், அவ்வளவுதானுங்க. கோர்ட்டுக்கு அது பத்தாது. அறுத்ததக் கண்ணால பாத்தவங்க வேணும். அந்த அருவாள்லதான் அறுத்தாங்கன்னு சொல்லோணும். அதச் சொல்லிட்டா அருவா மேல ரத்தம் வந்ததுக்கும் காரணம் கெடச்சிரும், கேசோட முதுகெலும்பே போயிருமுங்க. சொல்லாட்டி இந்தக் கயிறு வெறும் கயிறுதான்."

"பாத்தவ ஒருத்தி இருப்பா."

"யாருங்க?"

"தாயத்து யார்கிட்ட இருக்கோ அவ."

உள்ளே எழுத்தர் பொட்டலங்களைத் திரும்பக் கட்டி அரக்கை உருக்கிக்கொண்டிருந்தார். அந்தப் புகைதான் அன்று தொண்டைக்குள் போய் உட்கார்ந்தது.

மறுநாள் காலையில் தங்கச்சி வீட்டுக்குப் பஸ் ஏறினேன். தோட்டங்களுக்கு நடுவே புதிதாகப் பூசிய வீடு. அவள் புருசன் காய் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். வாசலில் தார்ப்பாய் விரித்து வெண்டைக்காயைக் கொட்டி, முத்தல் ஒரு பக்கம், பிஞ்சு ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டிருந்தாள். கையில் கிழிந்த காலுறையை மாட்டியிருந்தாள், சுணை அரிக்காமல் இருக்க.

"வாக்கா. மூஞ்சியப் பாத்தா நல்ல சேதி கொண்டாந்த மாதிரி இல்லையே."

"நல்லதா கெட்டதான்னு நீதாண்டி சொல்லணும்."

"ஆரம்பிச்சுட்டா. எழுதுறதுதான் ஒருத்தனுக்கும் வெளங்க மாட்டேங்குது, பேசுறதாவது நேராப் பேசு."

நேராகவே கேட்டேன். "சித்தப்பாவோட தாயத்து எங்க?"

அவள் கை நின்றது. பிறகு மறுபடி பிரிக்க ஆரம்பித்தாள். முத்தல், பிஞ்சு, முத்தல்.

"எங்கிட்டத்தான் இருக்கு. அப்பன் தாயத்து மகளுக்குத்தான? ஒங்க அப்பாவோடது ஒங்கிட்ட இல்லையா?"

"யாரு குடுத்தா?"

"யாரு குடுப்பா? அத்தைதான்."

"எப்பக் குடுத்துச்சு?"

நிமிர்ந்தாள். "என்னக்கா, இது வீடா கோர்ட்டா? நேத்து அங்க போனியே, சேந்தாப்புல கறுப்புக் கோட்டு வாங்கி மாட்டிக்கிட்டியா?"

கயிற்றைப் பற்றிச் சொன்னேன். காய்ந்த பிறகு அறுபட்ட முனை, விரல் அகலத்துக்குக் கறை படாத இடம், வக்கீல் தூணில் சாய்ந்து சொன்னது, எல்லாவற்றையும். அவள் காலுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"போலீசு வரப்போகுதுன்னாய்ங்க. வந்தா பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிருவாய்ங்கன்னாய்ங்க. அண்ணன வெளிய புடிச்சு உக்கார வச்சிருந்தாய்ங்க, அவன் எதையும் பாக்கல. அத்தை ஓடியாந்துச்சு. எந்தம்பி கட்டோட போகக் கூடாது, எவனோ ஆஸ்பத்திரிக்காரன் கத்திரியப் போட்டு அறுக்குறதுக்கா நான் உசுரோட இருக்கேன்னு கத்துச்சு. சன்னல்ல அவன் அருவா இருந்துச்சு. எட்டி எடுத்துச்சு. அறுத்துச்சு. தாயத்த உருவி எங்கையில திணிச்சுச்சு. அருவா அங்கனயே கைய விட்டு விழுந்துச்சு."

"ரத்தத்துலயா?"

"பின்ன? அந்த ரூமுல ரத்தமில்லாத எடம் எங்க இருந்துச்சு? தரையில தேங்குனது அப்பவும் ஈரமாத்தான் கெடந்துச்சு."

"அத்தை எடுக்கும்போது அருவா எப்படி இருந்துச்சு? அதுல ரத்தம் இருந்துச்சா?"

அவள் தோட்டத்துப் பக்கம் திரும்பினாள். எனக்காக ஒரு பதிலைத் தயார் செய்யவில்லை, அந்த ரூமுக்குள் மறுபடி போய்ச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவள் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"கறுப்பா இருந்துச்சு. வாழைக்கறை. எப்பவும் அப்படித்தான் இருக்கும். ரத்தம் பாத்ததா எனக்கு நெனப்பில்லக்கா. இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணச் சொன்னா பண்ண மாட்டேன்."

"இத அன்னைக்கே ஏண்டி சொல்லல?"

"கேட்டாய்ங்களா? அருவா யாருது, எங்க கெடந்துச்சு, மொத நாளு சண்ட நடந்துச்சா. கேட்டதுக்கு உள்ளதச் சொன்னேன். ஒரு வார்த்த கூட்டல, கொறைக்கல." குரல் ஏறி இறங்கியது. "அத்தை தொட்டுச்சுன்னு வெளிய தெரிஞ்சா அதையும் ஜீப்புல ஏத்திருவாய்ங்கன்னு ஊருல பெரியாளுகதான் சொன்னது. கைரேகை எடுப்பாய்ங்க, வாயத் தொறந்துராதீகன்னு. கெழவிக்குப் பயத்துல சோறே எறங்கல. அதுவுமில்லாம, அதெல்லாம் ஒரு விசயம்னே தோணலக்கா. செத்தா அரைஞாண அறுக்குறதுதான். குளிப்பாட்டுனோம், கோடி போட்டோம்னு கோர்ட்ல போயிச் சொல்லிக்கிட்டா இருப்போம்?"

அவள் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. எங்கள் ஆட்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கோர்ட்டில் இருந்தவர்களுக்கு இந்த வழக்கமே தெரியாது, எனவே அவர்கள் கேட்கவில்லை. நடுவில் ஒரு கயிறு கிடந்தது, பேசத் தெரியாமல்.

"அப்ப, அவன் பண்ணலங்குறியா?" என்றாள்.

"நான் அப்படிச் சொல்லல. அந்த அருவா இல்லைனு ஆகும்."

"ஊருல வேற அருவாளே இல்லையாக்கும்?"

நான் தார்ப்பாயிலிருந்து ஒரு முத்தலை எடுத்து அதன் குவியலில் போட்டேன்.

"நீ பாத்ததில்லக்கா. நான் பாத்துருக்கேன். மொத நாளு அப்பா நெஞ்சுல கைய வச்சுத் தள்ளுனான். அப்பா வரப்புல விழுந்தாரு. விழுந்தவரு எந்திரிச்சு, வேட்டியத் தட்டிவிட்டுட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி மடையத் திருப்பப் போனாரு. எனக்கு அதுதான் கண்ணுக்குள்ளயே நிக்குது. அவன் கை. இப்ப நான் போயி, அத்தைதான் அறுத்துச்சுன்னு சொல்லணும். சொன்னா அவன் வெளிய வந்துருவான். அவன் பண்ணிருந்தான்னா?"

"பண்ணாம இருந்தா?"

அவள் என்னை முறைத்தாள். "கேக்க ஒனக்கு லேசு. சொல்லப்போறவ நான். அன்னைக்கி அண்ணன உள்ள தள்ளுனவன்னு ஒரு கூட்டம் ஏசுது. இன்னைக்கி மாத்திப் பேசுறா பாருன்னு மறு கூட்டமும் ஏசும். இனி ரெண்டு பந்தியிலயும் எனக்கு எல போட மாட்டாய்ங்க."

"நான் போடுறேன்."

"நீ? ஒனக்குச் சோறு வடிக்கவே வராது" என்றாள். சிரிப்பு வந்தது இரண்டு பேருக்கும், வந்த வேகத்தில் போனது.

சாப்பிட உட்கார வைத்தாள். வெஞ்சனம் வெண்டைக்காய்தான். சாப்பிட்டு முடித்ததும் சாமி மாடத்திலிருந்து ஒரு திருநீற்றுச் சம்படத்தை எடுத்து வந்து திறந்தாள். சாம்பலுக்குள் தாயத்து. நான் கை நீட்டவில்லை. தொட்டுவிட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியனுப்பியிருந்தார். வெள்ளி மங்கியிருந்தது. மூடி சேரும் இடுக்கில் மெல்லிய கறுப்புக் கோடு.

"கழுவ மனசு வரலக்கா" என்றாள். "எத்தனையோ தடவ புளியத் தொட்டுத் தேய்ப்போம்னு எடுப்பேன். திருப்பி வச்சுருவேன். இதுல இருக்குறதுதான் அவரு. மத்ததப் பூராக் கோர்ட்டு எடுத்துக்கிருச்சு."

அவள் மூடியபிறகும் நான் அந்தச் சம்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அரிவாள் எங்களுக்கெல்லாம் ஒரு வசதியாக இருந்திருக்கிறது என்று அப்போது தோன்றியது. அவன்தான் என்பவர்களுக்கும், பாவம் அவன் என்பவர்களுக்கும் சுற்றிச் சுற்றிப் பேச ஒரு பொருள் இருந்தது. அதை எடுத்துவிட்டால் மோட்டார் ரூம் மறுபடி திறந்துகொள்ளும். அந்த விடியலுக்கு முன்னால் உள்ளே போனது யார் என்ற கேள்வி வெளியே வரும். துக்கத்துக்கு வந்தவன், பாடையில் கை கொடுத்தவன், இன்றைக்கும் எனக்கு வணக்கம் சொல்கிறவன், யார் மேலும் போய் உட்காரும். தம்பி மேலேயே திரும்பவும் உட்காரலாம். அந்த அம்மாவின் பூதக்கண்ணாடி காட்டியது கயிற்றில் ஒரு விரல் அகலம் மட்டுமே. அந்த ஒரு விரல் அகலத்துக்காக ஒருத்தியிடம் போய், இத்தனை வருசம் நீ கட்டி வைத்த நிம்மதியை அவிழ்த்துக் கொடு என்று கேட்கிறேன். கேட்க எனக்கு என்ன உரிமை? அதற்காகக் கேட்காமல் இருந்துவிட முடியுமா? உண்மை என்று நான் தாளில் எழுதிய இடங்களில் எல்லாம் அது பெரிதாக, முழுதாக இருந்தது. இங்கே அது கறை படாத ஒரு துண்டு நூல்.

வெயில் தாழ ஆரம்பித்ததும் அவளே, "வா, பஸ்ஸுக்கு விடுறேன்" என்று செருப்பை மாட்டினாள். தோட்டத்து வழியாக நடந்தோம். மோட்டார் ரூமைத் தாண்டித்தான் ரோட்டுக்குப் போக வேண்டும். கதவில் பூட்டுத் தொங்கியது. புது மோட்டாரை வேறு இடத்தில் வைத்துவிட்டார்கள். அதைத் தாண்டும்போது அவள் நடை கொஞ்சம் வேகமானது. நானும் வேகமாக நடந்தேன்.

பஸ் நிறுத்தத்தில் நிழற்குடை இல்லை, ஒரு வேப்பமரம்தான். மரத்தடியில் நின்று நான் கேட்டேன்.

"வக்கீல்ட்ட என்னடி சொல்லட்டும்?"

"வாரேன்னு சொல்லு."

நான் அவள் கையைப் பிடித்தேன். விடுவித்துக்கொண்டாள்.

"சந்தோசப்படாத. அத்தை அறுத்ததச் சொல்லுவேன். எந்த அருவாள்ல அறுத்துச்சுன்னு சொல்லுவேன். அவன் நல்லவன்னு சொல்லச் சொன்னா எறங்கி வந்துருவேன். அந்தத் தாயத்த ஒம்பையில குடுத்துவிட மாட்டேன், நானே கொண்டாரேன். பாத்துட்டு எங்கையிலயே திருப்பிக் குடுக்கணும்."

"கோர்ட்ல கொஞ்ச நாளு வச்சுக்கிருவாங்கடி."

"எலி இருக்குதுன்ன?"

"வெள்ளிய எலி திங்காது."

"அப்பச் சரி" என்றாள்.

கன்னிவாடிப் பக்கமிருந்து பஸ் வந்தது. கூட்டம். "ஏறுற ஆளுக ஏறுங்க, நின்னு கத பேசாதீக" என்று கண்டக்டர் விசில் ஊதினார். ஏறி, சன்னலோரம் ஒரு இடத்தில் என்னைத் திணித்துக்கொண்டேன். அவள் கீழேயிருந்து சன்னல் கம்பியைப் பிடித்தாள். ஏதோ கணக்குப் பார்த்து முடித்தவள்போல இருந்தது முகம். பஸ் உறுமியது. அவள் கம்பியை விடவில்லை, கூடவே நாலெட்டு வைத்தாள்.

"போலீசு கேட்டுச்சு, ஜட்ஜு கேட்டாரு. நான் அவன்ட்ட ஒரு வார்த்த கேக்கலக்கா. அவன் மூஞ்சியப் பாக்காமயே சொல்லிட்டு எறங்கிட்டேன். ஜெயில்ல போயி நின்னெல்லாம் கேக்க மாட்டேன். அவன் வெளிய வரட்டும். அந்த ரூமத் தொறந்து, உள்ள நிக்க வச்சு, நான் கேக்கணும்."